குவார்ட்டரும் இரவு மாத்திரையும்: முதியவர் உடம்பு போடும் கணக்கு

டாஸ்மாக்கில் விற்கும் குவார்ட்டர் பாட்டிலில் இருப்பது 180 மில்லி. பிராந்தியோ ரம்மோ, லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அதாவது 77 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் சுமார் 61 கிராம். 10 கிராமை ஓர் அலகு என்று வைத்துக்கொண்டால் ஒரு குவார்ட்டர் ஆறு அலகு. இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ளும் 'கட்டிங்' 90 மில்லி, மூன்று அலகு. 30 மில்லி ஸ்மால் பெக் ஓர் அலகு. 650 மில்லி பீர் பாட்டில் 5 சதவீதமாக இருந்தால் இரண்டரை அலகு, ஸ்ட்ராங் பீர் என்றால் நான்கு. "ஒரே ஒரு கட்டிங்தான் சார்" என்று 68 வயதுக்காரர் ஒருவர் சொன்னால் அதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் டாக்டரின் காதில் அது "ஒரு பெக்" என்று விழுகிறது. மூன்று மடங்கு வித்தியாசம் அங்கேயே காணாமல் போகிறது.

65 வயதைத் தாண்டியவர்களுக்கு அமெரிக்காவின் தேசிய ஆல்கஹால் ஆய்வு நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லிவந்த வரம்பு வாரத்துக்கு 7 டிரிங்க். அங்கே ஒரு டிரிங்க் என்பது 14 கிராம், ஆக மொத்தம் 98 கிராம். நம் கணக்கில் ஒரு வாரம் முழுவதற்கும் ஒன்றரை குவார்ட்டர் சொச்சம். அதுவும் யாருக்கு? ஆரோக்கியமாக இருப்பவருக்கு, மாத்திரை எதுவும் எடுக்காதவருக்கு. சென்னையில் அந்த வயதில் அப்படி ஓர் ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பிபிக்கு ஒன்று, சுகருக்கு இரண்டு, கொழுப்புக்கு ஒன்று, மூட்டு வலிக்கு அவ்வப்போது ஒன்று, தூக்கம் வரவில்லை என்றால் இன்னொன்று என்று ஓடுகிற வீடுகளே அதிகம்.

அதனால் முதியவர்களின் குடிப்பழக்கத்தைத் தனியாகவும் மாத்திரைப் பழக்கத்தைத் தனியாகவும் பார்த்தால் இரண்டுமே சின்ன விஷயமாகத் தெரியும். கெடுதல் செய்வது அவை சேரும் இடம்.

வயது என்ன செய்கிறது

ஆல்கஹால் தண்ணீரில் கரையும், கொழுப்பில் கரையாது. இளைஞனின் உடம்பில் ஏறக்குறைய 60 சதவீதம் தண்ணீர். எழுபது வயதில் அது 50 சதவீதத்தை ஒட்டி வந்துவிடுகிறது. தசை குறைந்து அந்த இடத்தில் கொழுப்பு ஏறியிருக்கும். அதே 90 மில்லி இப்போது சின்னப் பாத்திரத்தில் கலக்கப்படுகிறது. ரத்தத்தில் அளவு கூடும். கல்லீரலுக்குப் போகும் ரத்த ஓட்டமும் குறைந்திருப்பதால் இறங்கவும் நேரமாகும். "முப்பது வருஷமா இதே அளவுதான், ஒன்னும் ஆகல" என்ற வாதம் இங்கேதான் உடைகிறது. அளவு அதேதான், உடம்பு வேறு.

தூக்க மாத்திரைகளில் இது இன்னும் மோசம். டயஸெபாம் போன்றவை கொழுப்பில் போய்த் தங்கும். உடம்பிலிருந்து அது பாதி வெளியேற எத்தனை மணி நேரம் ஆகும் என்பதற்கு மருத்துவ மாணவர்களிடையே ஒரு தோராயக் கணக்கு உண்டு: வயது எத்தனையோ, ஏறக்குறைய அத்தனை மணி. இருபது வயதில் ஒரு நாளுக்குள் பாதி கழிந்துவிடும். எண்பது வயதில் மூன்று நாளுக்கு மேல். தினமும் ராத்திரி ஒன்று போட்டால் நேற்றையது, முந்தாநாளையது எல்லாம் அடியில் கிடக்க, அதன் மேல் இன்றையது விழுகிறது.

ராத்திரி இரண்டு மணி

ஒரு சாதாரண ராத்திரியை எடுத்துக்கொள்வோம். எட்டு மணிக்கு 90 மில்லி. கூட மிக்சரோ வேர்க்கடலையோ. சாப்பாடு பாதிதான் இறங்கும். ஒன்பது மணிக்கு பிபிக்கு அம்லோடிபின். புராஸ்டேட்டுக்காக டாம்சுலோசின். தூக்கத்துக்கு அல்பிரஸோலாம் 0.5. பத்து மணிக்கு நல்ல தூக்கம். ஆல்கஹால் சிறுநீரைப் பெருக்கும். தூக்கத்தின் முதல் பாதியை ஆழமாக்கும், இரண்டாம் பாதியை உடைக்கும். ஆக, இரண்டு மணிக்கு விழிப்பு வரும், எழுந்தாக வேண்டும். அந்த நேரத்தில் ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் பொருள்கள் மூன்று உடம்பில் இருக்கின்றன: மது, பிபி மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை. படுக்கையிலிருந்து சட்டென எழுந்ததும் பிபி இறங்குகிறது, கண் இருட்டுகிறது. தூக்க மாத்திரை கால்களின் தடுமாற்றத்தைத் திருத்திக்கொள்ளும் வேகத்தைக் குறைத்து வைத்திருக்கிறது. பாத்ரூம் வாசற்படி ஒரு அங்குல உயரம். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்கு வருபவரின் கேஸ் ஷீட்டில் "வழுக்கி விழுந்தார்" என்று மட்டும்தான் எழுதப்படும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஐந்து நிமிடம் படுக்கவைத்து பிபி பார்த்து, எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் திரும்பப் பார்க்க வேண்டும். மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அந்த விவரத்தை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். உட்காரவைத்து ஒரே ஒரு தடவை பார்க்கும் பிபியில் இது பிடிபடவே பிடிபடாது.

சர்க்கரைக்காரர்களின் ஆபத்து வேறு மாதிரி. வெறும் வயிற்றில் கல்லீரல்தான் சர்க்கரை தயாரித்து ரத்தத்தில் விடும். ஆல்கஹால் உள்ளே வந்ததும் கல்லீரல் அதைக் கரைக்கும் வேலையில் இறங்கிவிடுவதால் சர்க்கரைத் தயாரிப்பு படுத்துவிடுகிறது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரைகளும் இன்சுலினும் அதே நேரத்தில் சர்க்கரையைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். குடித்தவுடன் அல்ல, பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் விடியற்காலையில் சர்க்கரை சரியும். உடம்பு வியர்க்கும், பேச்சு குழறும், கோபம் வரும், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வரும். குடித்தவரிடம் இதெல்லாம் எப்படித் தெரியும்? போதையாகத்தான் தெரியும். "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று கதவைச் சாத்திவிட்டு வருவது உயிருக்கு உலை.

வீட்டில் சுகர் மெஷின் இருந்தால், குடித்திருக்கும் சர்க்கரை நோயாளி குழறினால் முதல் வேலை விரலில் குத்திப் பார்ப்பது. 70-க்குக் கீழே இருந்து, விழுங்கும் நிலையிலும் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயக்கத்தில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108. மேலே சொன்ன மாத்திரைகள் நாள் முழுக்க வேலை செய்பவை. அதனால் ஒரு தடவை ஏறிய சர்க்கரை திரும்ப இறங்கும், "சரியாயிடுச்சு" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு இப்படி இறங்குவது அரிது. ஆனால் கிட்னி பழுதடைந்து, குடியும் அதிகமாக இருந்தால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும் ஆபத்து உண்டு.

வலி மாத்திரை விஷயத்தில் இரண்டு வழி உண்டு, இரண்டிலும் பள்ளம். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகைகள் மதுவோடு சேர்ந்து வயிற்றுப் புண்ணைக் கிளறி ரத்தக் கசிவு உண்டாக்கும். இதயத்துக்காக ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் சுலபமாக. மலம் தார் மாதிரி கறுத்துப் போனால் அதுதான் அடையாளம். பாராசிட்டமால் வயிற்றுக்கு நல்லது, ஆனால் தினமும் குடிப்பவரின் கல்லீரல் அதைத் தாங்கும் அளவு குறைவு. நாளுக்கு 2 கிராமுக்குள் நிறுத்துவது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் எல்லை. 650 மில்லிகிராம் மாத்திரை மூன்று போட்டாலே 1,950. அசிக்ளோஃபெனாக்குடன் சேர்ந்து வரும் வலி மாத்திரையில் ஏற்கெனவே 325 மில்லிகிராம் பாராசிட்டமால் இருப்பதை யாரும் அட்டையைத் திருப்பிப் படிப்பதில்லை.

இங்கே ஒரு விபரீதம் நடக்கிறது. "மாத்திரையும் மதுவும் சேரக்கூடாது" என்று டாக்டர் சொன்னதை நம் பெரியவர்கள் கடைப்பிடிக்கிறார்கள், எப்படியென்றால் குடிக்கும் ராத்திரிகளில் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். வாரத்தில் நாலு நாள் குடித்தால் நாலு நாள் பிபி மாத்திரை கிடையாது. வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுபவர் இப்படி விட்டால் வலிப்பு வரும். பிபி கட்டுப்படவில்லை என்று டாக்டர் அடுத்த மாதம் டோஸைக் கூட்டுவார். கூட்டிய டோஸைக் குடிக்காத நாளில் ஒழுங்காகப் போட்டால் பிபி தரைமட்டம். ஆகவே, "சேரக்கூடாது" என்று மட்டும் சொல்லி அனுப்புவது அரைகுறை அறிவுரை. எந்த மாத்திரையைக் காலைக்கு மாற்றலாம், எதை என்ன ஆனாலும் விடக்கூடாது என்று பெயர் சொல்லி எழுதித் தர வேண்டும்.

பெயர் மாறி வரும் மாத்திரைகள்

தூக்க மாத்திரையே தொடுவதில்லை என்று சத்தியம் செய்பவர்களின் பையிலும் அது இருக்கும். வயிற்றுப் பொருமலுக்கும் பிடிப்புக்கும் எழுதப்படும் சில கூட்டு மாத்திரைகளில் குளோர்டயஸெபாக்ஸைடு சேர்ந்திருக்கிறது. கிளிடினியம், டைசைக்ளோமின் கூட்டணியில் அது மூன்றாவது ஆள். படபடப்புக்குத் தரும் புரோப்ரனோலாலுடன் அல்பிரஸோலாமோ குளோனஸெபாமோ சேர்த்து ஒரே மாத்திரையாக வருகிறது. மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராமுடனும் குளோனஸெபாம் ஜோடி போட்டு வருகிறது. சாப்பிடுகிறவருக்கு அது 'கேஸ் மாத்திரை', 'நெஞ்சு படபடப்பு மாத்திரை'. ஐந்து நாளைக்கு எழுதியது ஐந்து வருஷம் ஓடுகிறது. நிறுத்திய நாளில் கைநடுக்கமும் தூக்கமின்மையும் வரும்போது "பார்த்தியா, மாத்திரை இல்லாம முடியல" என்று மறுபடி ஆரம்பிப்பார்கள். திரும்ப வந்தது பழைய நோய் என்று நினைப்பார்கள். அது மாத்திரையை விட்டதால் வந்த தவிப்பு.

2014 மார்ச் முதல் அமலில் இருக்கும், மருந்து விதிகளின் ஹெச்1 அட்டவணைப்படி அல்பிரஸோலாம், டயஸெபாம், ஸோல்பிடெம், டிரமடால் எல்லாம் சீட்டு இல்லாமல் தரக்கூடாதவை. வாங்குபவர் பெயர், டாக்டர் பெயர், எத்தனை மாத்திரை என்று மருந்துக்கடை தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பழைய சீட்டை லேமினேட் செய்து வைத்துக்கொண்டு தெருமுனை மெடிக்கலில் நீட்டும் பழக்கத்தைச் சட்டம் மட்டும் ஒழித்துவிடாது. அந்தக் கடைக்காரர் இருபது வருடப் பழக்கம், "அம்மாவுக்குத் தானே" என்று எடுத்துக் கொடுத்துவிடுவார்.

பெண்களின் கதை பெரும்பாலும் இந்த வழியில்தான். கணவர் போனபின் தூக்கம் வரவில்லை என்று ஆரம்பித்த கால் மில்லிகிராம், அரை ஆகி, ஒன்றாகி நிற்கும். யாரும் அதைப் போதை என்று சொல்ல மாட்டார்கள். அம்மா கோவிலுக்குப் போகிறார், கோலம் போடுகிறார். அவரைப் போய் அடிமை என்பதா என்ற கூச்சம். குடிக்கும் பெண்கள் இல்லை என்றும் எண்ண வேண்டாம். இருக்கிறார்கள், மறைக்கிறார்கள், சிகிச்சைக்கு மிகத் தாமதமாக வருகிறார்கள்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் கொண்டுவரும் பெரிய டப்பாக்கள் தனி ரகம். மயிலாப்பூரிலும் அண்ணா நகரிலும் இது இல்லாத அலமாரி குறைவு. பெயருக்குப் பின்னால் 'பி.எம்.' என்று போட்டிருக்கும் வலி மாத்திரைகளில் டைஃபென்ஹைட்ரமின் என்ற தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மருந்து இருக்கிறது. அங்கே சீட்டில்லாமல் கிடைப்பதால் 'சாதாரண மாத்திரை' என்ற நம்பிக்கை. முதியவர்களுக்கு அது சிறுநீரை அடைக்கும், மலத்தைக் கட்டும், புத்தியைக் குழப்பும். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று 1991-ல் மார்க் பீர்ஸ் தொடங்கிவைத்து, இப்போது அமெரிக்க முதியோர் மருத்துவ சங்கம் புதுப்பித்துவரும் பட்டியலில் இதுவும் இருக்கிறது, டயஸெபாம், அல்பிரஸோலாம் போன்ற பென்ஸோடயஸெபின் வகைத் தூக்க மாத்திரைகளும் இருக்கின்றன. டைலெனால் என்ற பெயரில் இருப்பது நம் பாராசிட்டமால்தான் என்பதும் பலருக்குத் தெரியாது. இதையும் அதையும் சேர்த்துப் போடுவார்கள்.

அரிஷ்டங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தசமூலாரிஷ்டம், திராட்சாரிஷ்டம் போன்றவை புளிக்கவைத்துத் தயாராகின்றன. தானாக உண்டாகும் ஆல்கஹால் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும், லேபிளிலேயே எழுதியிருப்பார்கள். 15 மில்லி எடுத்தால் பெரிதாக ஒன்றுமில்லை. டம்ளரில் ஊற்றிக் குடித்தால் அது ஒயின்.

மஞ்சப்பையைக் கொட்டிப் பார்ப்பது

மேலே சொன்ன எல்லாவற்றையும் வெளிக்கொண்டுவர மருத்துவத்தில் ஒரு எளிய முறை உண்டு. வீட்டில் இருக்கும் மருந்தை எல்லாம் ஒரு பையில் போட்டு டாக்டர் மேசையில் கொட்டுவது. சென்னையில் அதற்கு மஞ்சப்பையே போதும். ஃபிரிட்ஜ் மேல், பூஜை அலமாரி ஓரம், தலையணைக்கு அடியில், கைப்பையில், எங்கே இருந்தாலும் எடுக்க வேண்டும். கண் சொட்டு மருந்து, தைலம், லேகியம், இருமல் சிரப், அரிஷ்டம், அமெரிக்க டப்பா, தீர்ந்துபோன அட்டைகூட.

பிறகு ஒரு வெள்ளைத் தாளில் மருந்தின் மூலப்பெயர், மில்லிகிராம், எத்தனை மணிக்கு, யார் எழுதியது, எப்போதிலிருந்து என்று ஐந்து பத்தி. கம்பெனி வைத்த பெயரில் எழுதினால் பாதி பயன் போய்விடும், ஏனென்றால் இரட்டிப்பு மூலப்பெயரில்தான் தெரியும். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்த பிபி மாத்திரை ஒரு பக்கம். அதில் அம்லோடிபின் 5. தனியார் டாக்டர் எழுதிய கூட்டு மாத்திரை மறுபக்கம்; அதில் டெல்மிசார்ட்டானோடு அதே அம்லோடிபின் 5. இரண்டு இடத்திலும் ஒழுங்காகச் சிகிச்சை பெறும் பெரியவர் தினம் 10 மில்லிகிராம் சாப்பிட்டு, கால் வீங்கி, அந்த வீக்கத்துக்கு மூன்றாவதாக ஒரு மாத்திரை வாங்கிக்கொண்டிருப்பார். இதில் யாரும் தப்பு செய்யவில்லை. தாள்கள் ஒரே மேசைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அட்டையை எண்ணுவதும் முக்கியம். பதினைந்து மாத்திரை அட்டை எந்தத் தேதியில் வாங்கியது, இன்று மீதி எத்தனை? கூடுதலாகக் கரைந்திருந்தால் மறந்துபோய் இரண்டு தடவை போடுகிறாரா, வேண்டுமென்றே போடுகிறாரா என்று பார்க்க வேண்டும். மீதி அதிகமாக இருந்தால் குடித்த ராத்திரிகளின் எண்ணிக்கை அதில் ஒளிந்திருக்கிறது.

அதே தாளின் கீழே இன்னொரு வரி: மது, எத்தனை மில்லி, வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணிக்கு. இந்த வரியை எழுதவைப்பதுதான் கஷ்டம்.

எப்படிக் கேட்பது

மருமகள் மாமனாரிடம் நேராகக் கேட்க முடியாது. மகன் கேட்டால் சண்டை. ராத்திரி குடித்திருக்கும்போது கேட்டால் வீணான சண்டை. காலையில், காபி முடிந்தபின், மாத்திரை டப்பா கையில் இருக்கும்போது கேட்கலாம்.

"அப்பா, அடுத்த வாரம் டாக்டர்கிட்ட போறப்போ மாத்திரை கணக்கு எழுதிட்டு வரச் சொல்லியிருக்காரு. நைட்டு எடுத்துக்கறதையும் எழுதணும்ப்பா, அதுக்கு ஏத்த மாதிரிதான் டைம் மாத்துவாராம்."

"அதெல்லாம் ஒன்னும் இல்ல, எப்பவாச்சும்."

"சரிப்பா. போன வாரம் எத்தன நாள் இருக்கும்? கட்டிங்கா, ஃபுல் குவார்ட்டரா?"

"எப்பவாச்சும்" என்பதை ஒத்துக்கொண்டு, உடனே போன வாரத்தை எண்ணச் சொல்வதில்தான் சூட்சுமம். "ஏன் குடிக்கிறீங்க" என்ற கேள்வியை இந்த முதல் பேச்சில் கொண்டுவரவே வேண்டாம். 'குடி', 'அடிமை' என்ற சொற்களையும். மறதி, தூக்கம், விழுவது, பேரனை ஸ்கூலுக்குக் கூட்டிப்போவது, ஸ்கூட்டர் சாவி இவைதான் அவர் காதில் விழும் விஷயங்கள்.

மருத்துவர்கள் முதியவர்களுக்கென்றே பத்து கேள்விகள் கொண்ட ஒரு சுருக்கச் சோதனை வைத்திருக்கிறார்கள். குடித்தபின் பசியில்லாமல் சாப்பாட்டைத் தவிர்ப்பதுண்டா, குடித்தால் கைநடுக்கம் குறைகிறதா, யாரையாவது இழந்தபின் குடி கூடியதா, தனிமையாக இருக்கும்போது குடித்தால் நிம்மதியாக இருக்கிறதா என்ற தினுசில். இரண்டுக்கு 'ஆமாம்' வந்தாலே மேற்கொண்டு பார்க்க வேண்டும். இளைஞர்களுக்கான கேள்விகள் இங்கே சரிப்படாது. வேலைக்கு லீவ் போட்டீர்களா, போலீஸ் பிடித்ததா என்று ரிட்டையர் ஆனவரிடம் கேட்டு என்ன ஆகும்? ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம்களில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.யைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருப்பது, ஜி.ஜி.டி. ஏறியிருப்பது, சிவப்பணுவின் அளவான எம்.சி.வி. கூடியிருப்பது சந்தேகத்தைக் கிளப்பும். மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிட்டு பி12 குறைந்தாலும் எம்.சி.வி. ஏறும் என்பதால் அதை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளி ஆக்கக் கூடாது.

அறுபதுக்குப் பிறகு குடி பிரச்சினையாகி வருபவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இளமையிலிருந்தே குடித்தவர்கள் என்பது மருத்துவ நூல்கள் பொதுவாகத் தரும் கணக்கு. மிச்சம் ஒரு பங்கினர் ரிட்டையர்மென்ட், மனைவியின் மரணம், பிள்ளைகள் வெளிநாடு போனது என்று ஏதோ ஒன்றுக்குப் பின் தொடங்கியவர்கள். இந்த இரண்டாம் வகையினர் சீக்கிரம் மீள்வார்கள். டாக்டர் பத்துப் பதினைந்து நிமிடம் நிதானமாகப் பேசி, அளவு எழுதிக் கொடுத்து, ஒரு மாதத்தில் திரும்ப வரச் சொன்னாலே பலர் குறைத்துக்கொள்வதை 65 வயதுக்கு மேற்பட்டோரிடம் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பகல் இரண்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நடுவே உள்ள வெற்று நேரத்தை என்ன செய்வது என்பதற்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

சட்டென நிறுத்துவதில் உள்ள ஆபத்து

தினமும் குவார்ட்டரோ அதற்கு மேலோ குடிப்பவர், அல்லது காலையில் கை நடுங்கி ஒரு மடக்கு குடித்தால்தான் நிற்கிறது என்பவர், வீட்டில் ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. பழைய வலிப்பு, ஏற்கெனவே ஒருமுறை நிறுத்தியபோது பிதற்றிய அனுபவம், இதய நோய் இருந்தால் நிச்சயமாகக் கூடாது. கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பூச்சி ஊர்வதாகவும் செத்துப்போனவர் நிற்பதாகவும் கண்ணுக்குத் தெரியும் சித்தப்பிரமை வரலாம். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகும்.

நம் ஊரில் இது நடக்கும் சந்தர்ப்பங்கள் தெரிந்தவையே. கார்த்திகை முதல் தேதி மாலை போடுவது ஒன்று. விரதத்தின் மூன்றாம் நாள் கை நடுங்கினால் அதைப் பக்தியின் சோதனையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மாலை போடுவதற்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்துக் குறைத்துக்கொண்டு வருவது நல்லது. தேர்தல் சமயத்தில் கடைகள் தொடர்ந்து மூடப்படுவது இன்னொன்று. 2020 மார்ச்சில் ஊரடங்கில் கடைகள் மூடியபோது இந்தியா முழுக்க ஆஸ்பத்திரிகள் இதைப் பார்த்தன.

எல்லாவற்றிலும் கவனத்துக்குத் தப்புவது ஆஸ்பத்திரி அட்மிஷன். இடுப்பெலும்பு ஆபரேஷனோ கண்புரையோ நிமோனியாவோ, உள்ளே போனதும் குடி நின்றுவிடுகிறது. மூன்றாம் நாள் ராத்திரி பெரியவர் ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறார். "ஐசியூ பயம்", "வயசானா இப்படித்தான்" என்று மயக்க ஊசி போடுவார்கள். அட்மிஷன் மேசையில், நாலு பேர் முன்னால், "தினமும் குடிப்பார்" என்று சொல்லக் கூச்சப்பட்டு மறைத்த ஒரு வரிதான் இதற்குக் காரணம். கூட்டத்தில் சொல்ல முடியாவிட்டால் மருந்துத் தாளிலேயே எழுதி டியூட்டி டாக்டர் கையிலோ மயக்க மருந்து டாக்டர் கையிலோ கொடுத்துவிடலாம். தூக்க மாத்திரை சாப்பிடுவதையும் அதே தாளில். தெரிந்தால் அவர்கள் முன்கூட்டியே தயாமின் ஊசி போடுவார்கள். நீண்ட நாள் குடித்தவரின் உடம்பில் இந்த பி1 வைட்டமின் வற்றியிருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் கண் சுழலும், நடை தள்ளாடும், புத்தி குழம்பும் நிலை வந்து நிரந்தர மறதியில் முடியலாம். நடுக்கத்தை அடக்க வயதானவர்களுக்கு லோரஸெபாமைத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் உண்டு; பழுதான கல்லீரலாலும் அதைக் கழிக்க முடியும்.

தூக்க மாத்திரையை விடுவதும் இப்படியே நிதானமாகத்தான். கனடா மருத்துவர்களின் 2018 வழிகாட்டி சொல்லும் வேகம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு குறைப்பு. கடைசிக் கட்டத்தில் அதிலும் பாதி வேகம். அல்பிரஸோலாம் 0.5 தினமும் போடுபவர் என்றால், 0.25 முழு மாத்திரை ஒன்றும் பாதியும் இரண்டு வாரம், பிறகு 0.25 ஒன்று இரண்டு வாரம், பிறகு அதில் பாதி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். அதிக வருஷம் போட்டவருக்கு இதைவிட மெதுவாக. மெல்லக் கரையும் எஸ்.ஆர். மாத்திரையை உடைக்கக் கூடாது. அதனால் டாக்டர் முதலில் வேறு மாத்திரைக்கு மாற்றியாக வேண்டியிருக்கும். மதுவையும் மாத்திரையையும் ஒரே நேரத்தில் வீட்டில் விட முயல்வது மடத்தனம். எதை முதலில், எங்கே வைத்து என்பதை மனநல மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

இதற்கெல்லாம் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்ற எண்ணம் தவறு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் தூக்க மாத்திரைக்குப் பழகிப்போன 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு, ஆபத்தையும் குறைக்கும் படிகளையும் எளிய மொழியில் விளக்கும் ஒரு சின்னக் கையேட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2014-ல் வெளியான அந்த முடிவில், ஆறு மாதத்தில் 27 சதவீதம் பேர் முழுதாக விட்டிருந்தார்கள். கையேடு பெறாதவர்களில் 5 சதவீதம். யாரும் திட்டவில்லை, பயமுறுத்தவில்லை. கூடவே சொல்ல வேண்டியது, எழுபது வயதில் எட்டு மணி நேரத் தூக்கம் கட்டாயமில்லை என்பது. மதியம் இரண்டு மணி நேரம் தூங்கி, ராத்திரி எட்டரைக்குப் படுத்து, மூன்று மணிக்கு விழித்தால் அது நோயல்ல.

சாம்பாரில் கலக்கும் மாத்திரை

"குடிப்பவருக்குத் தெரியாமலே நிறுத்தலாம்" என்ற விளம்பரங்களை ஆட்டோ முதுகிலும் மின்கம்பத்திலும் பார்த்திருப்போம். பொடியில் என்ன இருக்கிறது என்று எவரும் சொல்வதில்லை. சில வீடுகளில் நேரடியாக டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்து ரசத்திலோ சாம்பாரிலோ கலக்கிறார்கள். அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது மது போனால் சில நிமிடங்களில் முகம் சிவந்து, தலை இடித்து, வாந்தி வந்து, பிபி சரியும். முப்பது வயதுக்காரர் பிழைத்துவிடுவார். ஸ்டென்ட் வைத்த எழுபது வயதுக்காரர் செத்துப்போகலாம். மாத்திரையை நிறுத்தினாலும் விளைவு இரண்டு வாரம் வரை நீடிக்கும். இருமல் சிரப்பும் அரிஷ்டமும்கூடத் தூண்டிவிடலாம். சம்மதித்து, எழுதி, கண்காணிப்பில் எடுக்கும் மருந்து அது. முதியவர்களுக்கு மருத்துவர்கள் அதைத் தயங்கியே தருவார்கள். அவர்கள் யோசிக்கும் மற்ற மருந்துகளிலும் நிபந்தனை உண்டு: அகாம்ப்ரோசேட்டுக்கு முன் கிட்னி பரிசோதனை, நால்ட்ரெக்ஸோனுக்கு முன் கல்லீரல் பரிசோதனை. வலிக்கு டிரமடால் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நால்ட்ரெக்ஸோன் கூடவே கூடாது.

சென்னையில் எங்கே போவது

முதியோர் மருத்துவத்துக்கு இந்த ஊர் முன்னோடி. 1978-ல் டாக்டர் வி.எஸ்.நடராஜன் முயற்சியில் சென்ட்ரல் எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கியதுதான் நாட்டின் முதல் முதியோர் பிரிவு. கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பல மாத்திரைகளும் கொஞ்சம் குடியும் உள்ளவர் மஞ்சப்பையோடு முதலில் போக வேண்டியது இப்படியான முதியோர் பிரிவுக்கு. குடி முற்றியிருந்தால் 1794-ல் வேர்விட்ட கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், அல்லது அடையாறு இந்திரா நகரில் 1980 முதல் இயங்கும் டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையின் சிகிச்சை மையம். போனில் வழி கேட்க, போதை மீட்புக்கு 14446, மனநலத்துக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567.

தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதாக இருந்தால் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு இருக்கிறதா என்று சான்றிதழைக் கேட்கலாம். வேனை அனுப்பி ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று சொல்லும் இடத்தை அந்த வார்த்தையோடு விட்டுவிடலாம். ராத்திரியில் நர்ஸ் இருப்பாரா, சுகர் மெஷின் இருக்கிறதா, இன்சுலின் யார் போடுவார்கள், பிபி மாத்திரையை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு தர மறப்பார்களா? படுக்கை தரைத்தளத்திலா, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, பாத்ரூமில் கைப்பிடி இருக்கிறதா? இருபத்தைந்து வயதுப் பையன்களோடு காலை ஐந்து மணிக்கு மைதானம் சுற்ற விடுவார்களா? வலிப்பு வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு, எத்தனை நிமிடத்தில்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆஸ்பத்திரி பெயரோடு பதில் வராத இடத்தில் முதல் ஐந்து நாளுக்கு ஒரு முதியவரை விட்டுவரக் கூடாது.